ஒரு கண்ணாடிக்கு எவ்வளவு?

"மொத்தமா எவ்வளவு எடுப்பீங்க?" என்று டீச்சரம்மா கேட்டார். நானும் அக்காவும் அவர் வீட்டு ஜன்னல்களைத் துடைக்க வந்திருந்தோம்.

ஹட்டன் டவுனுக்கு மேலே ஏறிப் போகும் தெருவில் அவருடைய வீடு. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தில், ஓய்வு பெற்ற பிறகு மேலே மாடி கட்டியிருந்தார். மாடி முழுக்க ஜன்னல். பனியும் மழையும் மாறி மாறி அடித்து, கண்ணாடி ஓரமெல்லாம் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது.

நான் குவைத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே ஆறு வருடம் ஒரு துப்புரவுக் கம்பெனியில் இருந்தேன். பாதி நாள் கண்ணாடி வேலைதான். எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர், ரப்பர் வைப்பரை எந்தச் சரிவில் இழுத்தால் கோடு விழாது என்பதெல்லாம் கைக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரர்களிடம் விலை பேச எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. மேற்பார்வைக்காரர் முதலில் போய்ச் சுற்றிப் பார்த்து, காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அடுத்த நாள் எங்களை வேனில் ஏற்றுவார்கள். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று ஒருநாள்கூட நான் எட்டிப் பார்த்ததில்லை.

"நீங்க பாத்து குடுங்க டீச்சர்," என்றேன்.

வாளியோடு நின்றிருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தோம். டீச்சரம்மா மத்தியானம் சோறு போட்டார். இரண்டு தடவை தேத்தண்ணி கொடுத்தார். போகும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயும், ஆளுக்கொரு சேலையும் கொடுத்தார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரான டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். இறங்கியதும் அக்கா கேட்டார்.

"அந்தப் பொடவ எதுக்குக் குடுத்தாங்க தெரியுமா?"

"அன்பாத்தான் குடுத்தாங்க."

"காசு கம்மின்னு அவங்களுக்கே மனசுல பட்டிருக்கு. அதுக்குத்தான் பொடவ. நீ ஒரு வெல சொல்லியிருந்தா அவங்களுக்கும் அந்தச் சங்கடம் இல்ல, நமக்கும் இல்ல."

அக்கா என்று நான் சொல்வது எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்த காம்பராவில் இருப்பவரை. சொந்தமில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர். ஒருநாள் மலையில் குளவிக்கூடு கலைந்து அவரை மொய்த்துவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தார். உடம்பு தேறி வந்த பிறகும் செடிக்குள் இறங்கினால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். நான் ஊர் வந்து இந்த வேலையைத் தொடங்கப் போகிறேன், துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றபோது, "ஏணில ஏறுறதுக்கு எனக்குப் பயமில்ல. குளவிக்குத்தான் பயம்," என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது. உண்மையில் விலை தெரியாதது மட்டும் காரணமில்லை. சொல்ல வெட்கம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அம்மாவின் கூலி எவ்வளவு என்று தோட்டம் சொன்னது. எனக்கு எவ்வளவு என்று ஏஜென்சி சொன்னது. என் வேலைக்கு இவ்வளவு என்று என் வாயால் சொல்வது ஏதோ மரியாதை கெட்ட காரியம் போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனோம். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. எங்கள் லயத்து ஜன்னல்கள் பலகை. அந்தக் கட்டடத்தில்தான் நல்ல கண்ணாடி ஜன்னல் இருந்தது. சும்மா துடைத்துத் தருகிறோம் என்று பொறுப்பாளரிடம் கேட்டுச் சாவி வாங்கினோம். நான் துடைத்தேன். அக்கா என் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்தார். பிறகு அவர் துடைத்தார், நான் பார்த்தேன்.

பாசி பிடித்த கண்ணாடி ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிஷம். அதையே உடனே மறுபடி துடைத்தால் நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே இரும்புக் கம்பி போட்ட ஜன்னல் என்றால் கையைக் கம்பிக்குள் விட்டு விட்டு எடுக்க வேண்டியிருந்தது. நேரம் இரட்டித்தது. குளியலறையில் பலகை பலகையாகச் சாய்த்து அடுக்கியிருந்த கண்ணாடி எல்லாவற்றையும்விட மோசம். ஆறு பலகையைத் துடைத்து முடிக்க அக்காவுக்கு இருபது நிமிஷம் ஆனது. "இத வச்சவன் தொடச்சுப் பாத்திருக்க மாட்டான்," என்றார்.

அன்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குக்கு வந்தோம். ஜன்னல் ஒன்றுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். கம்பி இருந்தால் ஐந்நூறு. இரண்டு பேரும் இரண்டு மூன்று தடவை அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தோம். அக்காவின் வாயில் அது இயல்பாக வந்தது. எனக்குக் கடைசி வார்த்தையில் குரல் இறங்கியது.

சொல்லிப் பழகிய கையோடு நுவரெலியா வீடு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கொழும்பில் இருக்கும் ஒருவருடைய பழைய பங்களா. லீவு நாட்களில் மட்டும் வந்து தங்குவாராம். ஃபோனில் சிங்களத்தில்தான் பேசினார்.

"மொத்தம் இருபது ஜன்னல். கம்பி இல்லை. கீயத?"

எவ்வளவு என்று கேட்கிறார். இந்தத் தடவை நான் தயங்கவில்லை. "ஏழாயிரம்," என்றேன். அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மடக்கு ஏணியைப் பஸ் கண்டக்டரிடம் கெஞ்சி ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். பங்களா வாச்சர் கேட்டைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும் சிங்களவர். ஜன்னலைப் பார்த்ததும் ஏணியைக் கீழே வைத்துவிட்டேன். ஜன்னல் இருபதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் மரச்சட்டம் வைத்துப் பதினாறு சின்னக் கண்ணாடி. சட்டத்தின் மூலைக்கு மூலை கறுப்பாகப் பூஞ்சணம். சில இடங்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை உதிர்ந்து, அழுத்தினால் கையோடு வந்துவிடும் போலிருந்தது.

அக்கா மெதுவாக எண்ணினார். "முந்நூத்தி இருவது," என்றார்.

"என்னக்கா செய்றது?"

"ஃபோன் பண்ணிக் காசு கூடக் கேளு."

எனக்கு மனசு ஒப்பவில்லை. பார்க்காமல் விலை சொன்னது நான். அவர் பொய் சொல்லவில்லை. இருபது ஜன்னல் என்றார், இருபது இருக்கிறது. அக்காவுக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு நாயம் பேச நல்லா வருது. என் தோள்பட்டைகிட்டயும் வந்து பேசு," என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தேடிப் போனார்.

ஒருநாள் வேலை என்று நினைத்துப் போனது இரண்டரை நாள் ஆனது. அங்கேயே வேலைக்காரர்களுக்கான பின் அறையில் தங்கினோம். பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை மூலையாகத் தேய்த்தோம். வாச்சர் முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் அவரே சுடுதண்ணீர் வைத்துக் கொண்டுவந்து தந்தார். நுவரெலியாக் குளிரில் விரல்கள் மரத்துப் போயிருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

முடிந்ததும் சொந்தக்காரருக்கு ஃபோன் பண்ணினேன். "சேர், இந்தத் தடவை நான் சொன்ன விலைதான். ஆனா பார்க்காமச் சொன்னது என் பிழை. அடுத்த தடவை கூப்பிட்டா பதினாறாயிரம் ஆகும். ஒவ்வொரு சின்னக் கண்ணாடியும் ஒரு கண்ணாடிதான், ஒண்ணுக்கு ஐம்பது ரூபாய்," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "சரி, பார்ப்போம்," என்று ஃபோனை வைத்துவிட்டார். இன்று வரை அவர் கூப்பிடவில்லை.

வாச்சர்தான் எங்கள் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த மாதத்துக்குள் அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கு நாங்கள் போனோம். இரண்டிலும் முதலில் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னோம்.

பார்ப்பது என்றால் என்ன என்று அக்கா அப்போதுதான் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஒரு கொப்பியில் ஜன்னலைப் படமாகவே போடுவார். ஒரு கண்ணாடிக்கு ஒரு பெட்டி. கம்பி இருந்தால் பெட்டிக்குள் குறுக்குக் கோடு. ஏணி வைக்க வேண்டிய உயரம் என்றால் பெட்டிக்குக் கீழே இரண்டு கால். சிமெந்தோ பெயின்டோ ஒட்டியிருந்தால் புள்ளிகள். ஏணியின் கால் நிற்கும் தரையையும் பார்ப்பார். எங்கள் மலைப் பக்கத்தில் வீட்டுக்கு முன்பக்கம் சமதரையாக இருக்கும், பின்பக்கம் பள்ளமாக இருக்கும். தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்று கால்களால் அளப்பார். படத்தைப் பார்த்து நான் கணக்குப் போடுவேன், விலையையும் நானே சொல்வேன். அப்போதும் கடைசி வார்த்தையில் என் குரல் இறங்கிவிடும்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது. பிறகு ஒருநாள் டிக்கோயாவிலேயே, பொகவந்தலாவை ரோட்டில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று மாடி. முன்பக்கம் படிக்கட்டு ஏறும் இடம் முழுக்க ஒரே கண்ணாடி. கேட்டைத் திறந்தவரைப் பார்த்ததும் அக்கா முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டார்.

அவர் பழைய கணக்கப்பிள்ளை. அக்கா கொழுந்து எடுத்த மலையில் தராசுக்குப் பக்கத்தில் பேனாவோடு நின்றவர். ஈரம், கூடை என்று சொல்லி நாளுக்கு இரண்டு மூன்று கிலோ குறைத்துப் போடுவார் என்று அக்கா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். குளவி கொட்டிய அன்று, கோட்டைக் கழற்றி அக்காவின் தலையில் போட்டு மூடி, தன் முதுகில் கொட்டு வாங்கிக்கொண்டு லொறி வரைக்கும் தூக்கிப் போனவரும் அவர்தான்.

"நீயா? ஒடம்பு எப்புடி இருக்கு?" என்றார்.

"இருக்கேங்கையா."

"நல்லது. பாரு, வீடு குடிபோகணும். கண்ணாடியெல்லாம் ஒரே சிமெந்து. ஆளுக்கு நாள் சம்பளம் போட்டுத் தர்றேன். ரெண்டு நாள்ல முடிச்சுருங்க."

தோட்டத்து நாள் சம்பளத்தைச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அந்த நிமிஷம் அவர் தலையை ஆட்டியிருந்தால் நானும் ஆட்டியிருப்பேன். உயிரைக் காப்பாற்றியவர் கேட்கிறார். மறுத்துச் சொல்வது அவ்வளவு லேசில்லை.

"மொதல்ல சுத்திப் பாத்துர்றோங்கையா," என்றார் அக்கா.

கொப்பியை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சுற்றினோம். மூன்றாம் மாடியின் பின்பக்கம் போனதும் அக்கா நின்றுவிட்டார். கூரை விளிம்புக்குக் கீழே தேங்காய் அளவுக்கு ஒரு குளவிக்கூடு. நான் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பி அழைத்துவந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு, கூடு இருந்த பக்கத்துப் பெட்டிகளைப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டார்.

நான் கணக்கைப் போட்டு அக்காவிடம் காட்டிவிட்டு, விலை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, மூணு நாள் வேல. இருவத்திரெண்டாயிரம் ஆகும். மேல்மாடி பின்பக்கத்த இதுல சேக்கல. அங்க கூடு இருக்கு. அத நீங்க ஆள் வச்சு எடுத்தாத்தான் நாங்க ஏறுவோம்."

அவர் சிரித்தார். "என்ன புள்ள, ஒரேயடியா சொல்ற? கண்ணாடி தொடைக்கிறதுக்கா?"

"சிமெந்து காஞ்சிருக்கு. ஊறவச்சுத்தான் எடுக்கணும். சுரண்டுனா கோடு விழுந்துரும். ஒங்களுக்கு வெல கூடன்னா உள்பக்கம் நீங்களே தொடச்சுக்கங்க. வெளிப்பக்கம் மட்டும்னா பதினாலு. வேலயக் கொறைக்கலாங்கையா. வெலயக் கொறைக்க முடியாது."

"அன்னைக்கு ஒன்னய லொறிக்குத் தூக்கிட்டுப் போனப்ப நான் எதுவும் கேட்டேனா?"

விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது. கொப்பியை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார்.

"அத நான் மறக்கலங்கையா. சாமி கும்புடுறப்ப ஒங்களயும் நெனைச்சுக்கத்தான் செய்றேன். இது வேலைங்க. எங்கூட இந்தத் தங்கச்சியும் ஏணியில ஏறுது. அதோட கூலியக் கொறைக்க எனக்கு உரிமை இல்ல."

கணக்கப்பிள்ளையின் முகம் கறுத்தது. "யோசிச்சுச் சொல்றேன்," என்றார். நாங்கள் வெளியே வந்தோம். வழியில் அக்கா அழுதார். "நன்றி கெட்டவளுன்னு நெனைச்சிருப்பாரோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அக்கா விலை சொன்னபோது அவருடைய குரல் எங்கேயும் இறங்கவில்லை என்பதை மட்டும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துக் கணக்கப்பிள்ளையே ஃபோன் பண்ணினார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்," என்றார். போனோம். டவுனிலிருந்து இரண்டு ஆட்களைக் குறைந்த கூலிக்குப் பிடித்திருக்கிறார். அவர்கள் சிமெந்தைக் கம்பிப் பஞ்சு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கீழ்மாடி முன்பக்கத்தில் மூன்று ஜன்னல் முழுக்கக் கோடு கோடாக இருந்தது. வெயில் பட்டபோது சிலந்தி வலை போலத் தெரிந்தது.

"இத ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டார்.

"இல்லிங்கையா. கீறுனது கீறுனதுதான். மாத்தத்தான் வேணும்," என்றேன் நான். மறைத்து என்ன பயன்? கீறல் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் மேல் வரக்கூடாது அல்லவா. அக்கா மறுபடி கொப்பியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். அந்த மூன்று ஜன்னலையும் கழித்துவிட்டார். பின்பக்கத்துக் கூட்டைக் கணக்கப்பிள்ளை ஆள் வைத்து எடுத்திருந்ததால் அந்தப் பெட்டிகள் உள்ளே வந்தன. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பழைய இருபத்திரண்டே வந்தது.

அவர் பேரம் பேசவில்லை. "எப்ப வருவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று நாள் வேலை செய்தோம். ஈரத் துணியைக் கண்ணாடியில் ஒட்டி, சிமெந்து ஊறும் வரை பொறுத்திருந்து, பிளாஸ்டிக் தகட்டால் மெல்லத் தள்ளி எடுத்தோம். மேல்மாடி பின்பக்கத்து வராந்தாவில் ஏணி வைத்து நான்தான் ஏறினேன். அக்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, கூடு இருந்த இடத்தில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் கழித்து, "எறங்கு, நான் ஏறுறேன்," என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கடைசி இரண்டு ஜன்னலை அவர்தான் செய்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம் கணக்கப்பிள்ளையின் மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து, எங்களோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். கணக்கப்பிள்ளை மாடிக்குப் போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"வருஷத்துக்கு ஒருக்கா வந்து செஞ்சு குடுப்பீங்களா?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா கூப்புடுங்கையா," என்றார் அக்கா. "அப்ப சிமெந்து இருக்காது, பாசியும் புடிச்சிருக்காது. ஒரு நாள்ல முடிஞ்சிரும். ஏழாயிரம் போதும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா, "வரச் சொல்லுங்க," என்றார்.

இப்போது எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் வீடுகள் பதினொன்று இருக்கின்றன. டீச்சரம்மா வீடும் அதில் ஒன்று. இரண்டாம் தடவை போனபோது நான் விலையைச் சொன்னேன். அவர், "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே," என்று கடிந்துகொண்டார். ஏணியைப் பஸ்ஸில் ஏற்றக் கெஞ்ச வேண்டியதில்லை. என் கணவர் இப்போது ஓட்டும் ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு போகிறோம். அந்த ஓட்டத்துக்கான கூலியையும் விலையில் சேர்க்கக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பொகவந்தலாவையில் ஒரு வீட்டைப் பார்க்க அக்கா தனியாகப் போனார். கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினார். பின்னேரம் மழையில் நனைந்து திரும்பி வந்து, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படத்தை விரித்தார்.

"பதினெட்டுன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க. திங்கக்கெழம வரச் சொன்னாங்க. கூடச் சொல்லிட்டேனா?"

நான் எழுந்து உட்கார்ந்து பெட்டிகளை எண்ணினேன். கம்பி போட்டவை, ஏணி வைக்க வேண்டியவை, குழாயிலிருந்து தூரம், பஸ் ரோட்டிலிருந்து இறங்கி நடக்கும் வழி எல்லாவற்றையும் படத்தில் போட்டிருந்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியான விலை. நான் போயிருந்தால் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.